ஐந்து வருஷத்துக்கு நீட்டிய ஒரு லட்சம்

மாயவனைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி தாஜ் நிஷா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க செஞ்சதையும் எழுதுவீங்களா?" எழுதுவேன் என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். மாயவனுக்கு வரவேண்டிய எண்பதாயிரம் ரூபாய் வராமல் போனதற்குப் பாதிக் காரணம் அவனுடைய முதலாளி ராஜாங்கம். மீதிப் பாதி நான்.

என் பெயர் பரக்கத்துல்லா. விருத்தாசலம் கடைவீதியில் கடை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் மிஷின், இன்னொரு பக்கம் பந்து, பூட்ஸ், ஜெர்சி. பேப்பர் வேலையும் தெரியும், பந்து வியாபாரமும் தெரியும் என்பதால் மணிமுத்தாறு கால்பந்து அணிக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கையெழுத்து வாங்குவது, ஐஸ் வாங்குவது, நடுவரிடம் திட்டு வாங்குவது, இவ்வளவுதான். அணியின் முதலாளி ராஜாங்கம். செராமிக் பேட்டையில் அவருக்கு ஒரு கம்பெனி இருக்கிறது. பீங்கான் ஃப்யூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்கிறார்கள்.

அந்தக் கம்பெனியில்தான் மாயவன் பதினாறு வயதிலிருந்து வேலை பார்க்கிறான். பூதாமூர்க்காரன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பூவாயி அதே செராமிக்கில் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மங்கியதும் மகனைக் கொண்டுவந்து விட்டாள். அன்றிலிருந்து, சுடவேண்டிய சரக்கைச் சூளைக்குள் கொண்டுபோகிற வண்டியில் தட்டு அடுக்குவது அவன் வேலை. குனிந்து எடுத்து, நிமிர்ந்து அடுக்கி, மறுபடி குனிந்து எடுத்து. முட்டி நன்றாக இருக்கிறவன் செய்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை பந்து. எங்கள் பக்கம் பதினொரு பேர் ஆட்டம் கிடையாது, ஏழு பேர்தான். மாயவன் ஸ்டாப்பர், கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். அவன் ஆட்டத்தை முதல் தடவை பார்க்கிறவன், இந்த ஆளை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பான். ஓடவே மாட்டான். நடந்து வந்து ஓர் இடத்தில் நிற்பான். பந்து அங்கே வரும். எப்படிடா உனக்கு முன்னாடியே தெரிகிறது என்று நான் கேட்டதற்கு அவன் சொன்னது இது: "வர்றவன் கண்ண பாக்கக் கூடாது பாய். கண்ணு பொய் சொல்லும். இடுப்ப பாக்கணும். இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது." ஆட்டக்காரர்களின் இடுப்பைப் படிக்கத் தெரிந்த அந்த மனுஷனுக்கு முதலாளிமார்களின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அது அவன் தலையெழுத்து.

முதலில் பரோட்டாவுக்கும் பஸ் காசுக்கும் ஆடினான். பிறகு ஆட்டத்துக்கு ஐந்நூறு. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பணக்காரர்கள் ஆறு பேர் ஆளுக்கொரு அணி என்று வைத்துக்கொண்டு தை முதல் சித்திரை வரை லீக் நடத்தத் தொடங்கினார்கள். காசு புரள ஆரம்பித்தது. ஒரு ரைஸ்மில்காரர் நெய்வேலியிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். ஆறுக்கு பூஜ்யம், ஏழுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தார். மூன்றாவது சீசனில் வேடிக்கை பார்க்க ஆள் இல்லை, சுண்டல் விற்கிறவன்கூட வரவில்லை.

லீக் கமிட்டித் தலைவர் கொளஞ்சிநாதன், ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வராத மனுஷன், நியாயஸ்தர். அவர் ஒரு சட்டம் போட்டார். ஒரு சீசனுக்கு ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் ஒரு நகல் கமிட்டிக்கு வந்தாக வேண்டும். வரம்பைத் தாண்டினால் அணி வெளியே. நல்ல சட்டம். ஆனால் நம் ஊரில் நல்ல சட்டம் வந்தால் மறுநாள் காலையில் அதில் ஓட்டை தேடுவோம். எங்கள் அணிக்கு அந்த ஓட்டையைத் தேடிக் கொடுத்தவன் நான்.

போன வருஷம் மார்கழியில் ராஜாங்கம் என்னைக் கூப்பிட்டுவிட்டார். சென்னையிலிருந்து பிரவீன்குமார் என்று ஒரு ஃபார்வர்டு வருகிறான், ஒன்றரை லட்சம் கேட்கிறான், வாங்கியே ஆக வேண்டும் என்றார். கணக்குப் போட்டோம். ஏற்கெனவே இருக்கிற ஆட்களுக்கு நான்கு லட்சத்து முப்பதாயிரம். அதோடு ஒன்றரை லட்சம் சேர்ந்தால் வரம்புக்கு மேல் எண்பதாயிரம் இடிக்கிறது. இருப்பதிலேயே பெரிய சம்பளம் மாயவனுடையது, சீசனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது. "கெழடு தட்டிப்போச்சு, அவன எடுத்துடலாம்" என்றார் ராஜாங்கம், ஏதோ கீறல் விட்ட பீங்கானைச் சொல்கிற மாதிரி.

அவன் இல்லாமல் அணி எப்படி? அதைவிட, அந்தக் காசு இல்லாமல் அவன் எப்படி? அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். இதை மட்டும் நம்புங்கள்.

என் அக்கா மகன் ஃபாயிஸ் துபாயில் கணக்கு வேலை பார்க்கிறான். அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற ஃபுட்பாலில் அவனுக்குப் பைத்தியம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பெயர் மட்டும் ஃபுட்பால்! அது போகட்டும். அங்கேயும் இதே மாதிரி சம்பள வரம்பு உண்டாம். பழைய ஆட்டக்காரனை விடவும் மனசில்லை, புது ஆளையும் எடுக்க வேண்டும் என்றால் அங்கே ஒரு வழி செய்வார்களாம். பழைய ஆளின் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, குறைத்த தொகையைக் கையெழுத்துத் தொகை என்று பெயர் மாற்றிவிடுவார்கள். கையெழுத்துத் தொகையை ஒரே வருஷக் கணக்கில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிரித்து, வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வரம்புக் கணக்கில் காட்டலாம். ஆள் அத்தனை வருஷம் ஆடமாட்டான் என்றால் ஒப்பந்தத்தின் கடைசியில் சும்மா நாலு வருஷத்தை ஒட்டிவிடுவார்கள். அவன் ஆடவே போகாத வருஷங்கள், கணக்குக்காக மட்டும் இருக்கிற வருஷங்கள். நடுவில் ஆளை நீக்கிவிட்டால், மீதிப் பங்கெல்லாம் அந்த ஒரே வருஷத்தில் அணியின் தலையில் விழும்.

ஃபாயிஸ் இன்னொன்றும் சொன்னான். "காசு முழுசும் கையெழுத்து போட்ட கையோட அவன் கைக்கு வந்துடும் மாமு. கணக்க மட்டுந்தான் நீட்டுவாங்க."

ராஜாங்கத்திடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மனுஷன் முகம் பிரகாசமாகிவிட்டது. மாயவனுக்கு இந்த வருஷச் சம்பளம் இருபதாயிரம். மீதி ஒரு லட்சம் கையெழுத்துத் தொகை, ஐந்து சீசனுக்கு வருஷம் இருபதாயிரம். ஆக இந்த வருஷக் கணக்கில் நாற்பதாயிரம்தான் ஏறும், எண்பதாயிரம் மிச்சம், பிரவீன்குமார் உள்ளே வந்துவிடுவான். அந்த ஒரு லட்சத்தை இப்போதே மாயவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னதும் மட்டும் அவர் பேப்பர்வெயிட்டை உருட்ட ஆரம்பித்தார். கணக்கில் இருபதாயிரம் என்று எழுதிவிட்டுக் கையில் ஒரு லட்சம் கொடுப்பானேன், கணக்குப்படியே வருஷா வருஷம் கொடுத்துவிடலாம் என்றார். அதே மூச்சில், இந்த வருஷம் ஜெர்சி மட்டுமில்லை, கம்பெனி ஆட்களுக்கு யூனிஃபார்மும் உன் கடையிலேயே தைத்துவிடலாம் என்றார்.

நான் அந்த வரியை எழுதவில்லை. 'முழுத் தொகையும் கையெழுத்தின்போதே கொடுக்கப்படும்' என்ற ஒரு வரி. டைப் செய்ய அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

மாயவன் சூளைப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஒப்பந்தத்தின் நான்கு பக்கத்தையும் புரட்டினான். ஒரு லட்சம் எப்போது வரும் என்று கேட்டான். எங்கே போகிறது, வரும் என்றார் ராஜாங்கம். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். "பாய் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டான். கமிட்டிக்கு ஒரு நகல் போயிற்று. கொளஞ்சிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். ஆட்டக்காரரை நீக்கினால், பாக்கி தீர்ந்துவிட்டது என்று அவரே எழுதிக் கொடுத்தாலொழிய, மீதித் தொகை முழுக்க அடுத்து வருகிற சீசன் வரம்பில் ஏறும். மாயவனுக்காக யாராவது ஒரு வரி எழுதினார்கள் என்றால் அது அவர்தான்.

அந்த சீசனில் கோப்பை எங்களுக்கு. எல்லோரும் பிரவீன்குமாரின் கோலைப் பற்றிப் பேசினார்கள். அரையிறுதியில் மாயவனின் வலது முட்டி திரும்பியதையும், ஃபைனலில் அவன் முட்டியில் க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றதையும் யாரும் பேசவில்லை. எதிரணி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவனால் பைக்கில் கால் போட்டு ஏற முடியவில்லை, ஷேர் ஆட்டோ வைத்து அனுப்பினேன். நாற்பதாயிரம் கைக்கு வந்தது. கடலூரில் முட்டி டாக்டரிடம் காட்டினான். இனிமேல் ஆட்டம் வேண்டாம், வெயிட் தூக்கவும் வேண்டாம் என்றார். வெயிட் தூக்காமல் சூளையில் என்ன வேலை இருக்கிறது?

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பெண்ணாடத்தில் தங்கராசு என்று ஒருவர் சர்க்கரை ஆலைப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது, பழைய வண்டி, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கொடுக்கிறேன் என்றார். மாயவன் முப்பதாயிரம் முன்பணம் கொடுத்தான். மீதி எண்பதாயிரம் பொங்கலுக்குள். தவறினால் வண்டி வேறு ஆளுக்கு, முன்பணமும் திரும்பாது என்று பேச்சு. செராமிக் பேட்டையில் மண் மூட்டையும் பொம்மைப் பெட்டியும் ஏற்றினால் ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு நிற்கும் என்று அவன் மனைவி துர்கா என்னிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். ஓட்டுகிறவனுக்கு முட்டி வேண்டாம், கால் பிரேக்கை மிதித்தால் போதும். அவர்கள் வீட்டில் அந்த வண்டிக்குப் பெயர்கூட யோசித்தாயிற்று.

ஐப்பசியில் ராஜாங்கம் எனக்கு ஒரு கடிதம் டைப் செய்யச் சொன்னார். மாயவனை அணியிலிருந்து நீக்குகிற கடிதம். அது எதிர்பார்த்ததுதான், ஆட முடியாதவனை யார் வைத்திருப்பார்கள்? மாயவனும் அதற்காக வருத்தப்படவில்லை. பாக்கி எண்பதாயிரத்தைக் கேட்டான். ஆடாத வருஷத்துக்கு எவன் காசு கொடுப்பான் என்றார் ராஜாங்கம். கடைசி நாலு வருஷமும் கணக்குக்காக ஒட்டின சும்மா வருஷம்தானே, பாயையே கேள் என்றார். அது அவன் ஆடி முடித்த வருஷத்தின் சம்பளம், அதைத்தான் பிரித்து எழுதினோம் என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றால், தொண்டைக்குள் சொன்னேன். யூனிஃபார்ம் பில் அப்போது அவர் மேஜைமேல் இருந்தது.

ஆனால் ராஜாங்கத்துக்கும் ஒரு முள் இருந்தது. கொளஞ்சிநாதன் எழுதின அந்த வரி. பாக்கி தீர்ந்துவிட்டது என்று மாயவன் எழுதிக் கொடுக்காவிட்டால் எண்பதாயிரமும் வருகிற சீசன் வரம்பில் ஏறும், புது ஸ்டாப்பரை எடுக்க இடம் இருக்காது. அதனால் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக மாயவன் முதலாளியிடம் முடியாது என்றான். காசு வந்தால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவன் இடம் பார்த்துத்தான் நின்றிருந்தான். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே நின்றிருந்தால் ராஜாங்கம் வழிக்கு வந்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவன் அதோடு நிற்காமல் இன்னொரு காரியமும் செய்தான். வக்கீலைப் பார்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் மணவாளநல்லூர் போய்விட்டான். எங்கள் ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். கொடுத்த காசு வரவில்லை, களவு போன மாடு கிடைக்கவில்லை என்று எந்தக் குறையாக இருந்தாலும், கலெக்டருக்கு மனு எழுதுவது போல் சாமிக்கு ஒரு காகிதத்தில் எழுதி, பூஜை செய்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிடுவார்கள். கோயிலுக்கும் மனுதாரர் ஊருக்கும் எத்தனை கிலோமீட்டரோ அதற்கும் ஒரு சின்னத் தொகை உண்டு. தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவைக்கும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் திரும்பப் போய், குறை தீர்ந்தது, பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். அதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் நல்லதில்லை என்பார்கள்.

மாயவன் தன் கையால் எழுதினான். 'என் முதலாளி ராஜாங்கம் நான் ஆடின ஆட்டத்துக்குத் தரவேண்டிய ரூபாய் எண்பதாயிரத்தைத் தரவில்லை. சாமிதான் வாங்கித் தர வேண்டும்.' செய்தி பேட்டை முழுக்கப் பரவியது. ராஜாங்கம் சிரித்தார். அவர் மனைவி திரௌபதி சிரிக்கவில்லை. அந்த அம்மா பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. பிராது கட்டப்பட்டவர் வீட்டில் சாமி அடித்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவள்.

ஐம்பது நாள் ஆகியிருக்கும், மார்கழி பிறந்துவிட்டது. அவர்கள் மகள் சிவசங்கரி எட்டு மாசக் கர்ப்பம், தலைப் பிரசவம். திடீரென்று உதிரப்போக்கு நிற்காமல் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாய், பிள்ளை இரண்டுக்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்தாராம். மறுநாள் காலை எட்டு மணிக்கு திரௌபதி மாயவன் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினாள். நான் அப்போது அங்கே இருந்தேன், முட்டிக்கு ஒரு பெல்ட் கொடுக்கப் போயிருந்தேன். அந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, ஓங்காச நான் வாங்கித் தரேன். எம்பொண்ணு பொழச்சி வரட்டும், தாலிய அடமானம் வெச்சாவது தரேன். நீ போயி ராஜினாமா குடுத்துடு. ஒன்ன கையெடுத்துக் கும்புடறேன்."

காசு கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம் என்று துர்கா மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. மாயவன் அவள் பக்கம் திரும்பினான்.

"வயித்துல புள்ளய வெச்சிக்கினு ஒரு பொண்ணு சாவக் கெடக்குது. அது மேல நின்னுக்கினா எங்காச கேக்கச் சொல்ற?"

துர்கா எழுந்து அவன் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ராஜினாமா என்பது குறை தீர்ந்ததற்கு ஒரு சாட்சி, அது ராஜாங்கத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஜெராக்ஸ் கடைக்காரனான எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சத்தியமாகத் தோன்றவில்லை. அந்தப் பெண் சிவசங்கரி சின்னப் பிள்ளையாக என் கடைக்கு வந்து கலர் பேப்பர் வாங்குவாள். அவள் முகம்தான் கண்ணில் நின்றது. மாயவனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு மணவாளநல்லூர் போனேன்.

நான் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் உள்ளே போய் எழுதிக் கொடுத்துவிட்டு, ராஜினாமாவுக்குப் பணம் கட்டின ரசீதோடு வந்தான். என்ன எழுதினாய் என்று கேட்டேன். எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன், என் குறை தீர்ந்தது என்று எழுதினேன் என்றான். எங்கள் பின்னாலேயே காரில் வந்து காத்துக்கொண்டிருந்த திரௌபதி அம்மாவின் டிரைவரிடம் ரசீதைக் கொடுத்தனுப்பினான், பார்த்தால் அந்த அம்மாவுக்கு மனசு ஆறுமே என்று. அன்று மத்தியானம் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பதினோராம் நாள் தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தார்கள். மாயவன் என் கடைக்கு வந்து அதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் ராஜாங்கத்தின் டிரைவர் என் கடைக்கு வந்து ஒரு ரசீதை நீட்டி இரண்டு காப்பி கேட்டான். கடையில் ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம். ஜெராக்ஸ் கடைக்காரன் பேப்பரைப் படிக்க மாட்டான், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்ப்பான். இரண்டு காப்பி எடுத்தேன், நான்கு ரூபாய் வாங்கி டப்பாவில் போட்டேன். அது கோயில் ரசீது என்று காப்பி வெளியே வந்தபோது தெரிந்தது. எதற்கு என்று கேட்கவில்லை.

எதற்கு என்று பொங்கலுக்கு ஆறு நாள் முன்னால் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் தெரிந்தது. ஒவ்வோர் அணியும் வருகிற சீசனுக்கு வரம்புக் கணக்குக் காட்டும் நாள். மாயவனின் எண்பதாயிரத்தை எங்கள் கணக்கில் ஏற்ற கொளஞ்சிநாதன் பேனாவைத் திறந்தார். ராஜாங்கம் சட்டைப் பையிலிருந்து என் கடை ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். மாயவன் சாமியிடம் பிராது கொடுத்தது ஊருக்கே தெரியும், தீர்ந்துவிட்டது என்று அவனே ராஜினாமாவும் கொடுத்துவிட்டான், இதைவிட என்ன எழுத்து வேண்டும் என்று கேட்டார்.

நான் எழுந்தேன். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் எழுந்தேன். அவனுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை, எனக்குத் தெரியும் என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. கொளஞ்சிநாதன் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, மாயவனைக் கூட்டிவரச் சொன்னார். சூளையிலிருந்து அப்படியே வந்தான், முழங்கை வரைக்கும் வெள்ளை மண். அவனை உட்காரச் சொன்னார்கள், அவன் நின்றான்.

நடந்ததை ராஜாங்கத்தின் எதிரிலேயே சொல்லிவிடுவான், அந்தக் காப்பியை நானே கிழித்துப் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொளஞ்சிநாதன் அந்த ஜெராக்ஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவனிடம் நிதானமாகக் கேட்டார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

"மாயவா, ஒங்கொற தீந்துதுன்னு சாமிகிட்ட எழுதிக் குடுத்தியா?"

"குடுத்தேங்க."

"அது நெசமா, பொய்யா? பொய்யின்னா சொல்லு. நான் இந்தப் பேப்பர தள்ளிட்டு, காச வாங்கித் தரேன்."

பொய் என்று ஒரு வார்த்தை. எண்பதாயிரம், வண்டி, முட்டி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. மாயவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லுடா என்று நான் மனசுக்குள் கத்தினேன். ராஜாங்கம் தன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசந்தாங்க" என்றான் மாயவன்.

கொளஞ்சிநாதன் பேனாவை மூடினார். எண்பதாயிரம் வரம்பில் ஏறவில்லை. அதனால் வரம்பில் கிடைத்த இடத்துக்கு ராஜாங்கம் அங்கேயே ஒரு புது ஸ்டாப்பரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து நான் அவனைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். மடையா, கேட்ட மனுஷன் நியாயஸ்தர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, துர்காவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்றேன். என் கோபமெல்லாம் யார் மேல் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த காய்ந்த மண்ணை உரித்துக்கொண்டே சொன்னான்.

"அந்தப் புள்ள பொழச்சது அந்த எழுத்துல பாய். அத பொய்யின்னு நாஞ் சொல்லி, நாளைக்கி அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? காசு போனா போவட்டும். நான் சூளைக்குப் போறேன், தட்டு அடுக்குற வண்டி பாதியில நிக்கிது."

நொண்டிக்கொண்டே போனான்.

திரௌபதி அம்மா புருஷனிடம் கேட்டாளாம், சண்டைகூடப் போட்டாளாம். என்ன பிரயோஜனம்? சாமியே கைகழுவிவிட்ட விஷயம், நீ ஏன் நோண்டுகிறாய் என்று அடக்கிவிட்டார். குழந்தைக்குப் பெயர் வைத்தபோது மாயவன் வீட்டுக்கு ஒரு பெட்டி ஸ்வீட் வந்தது. துர்கா அதைத் திறக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இனிமேல் எப்போதாவது பிராது கட்டலாமா என்று அவள் கேட்டதற்கு, தீர்ந்தது என்று எழுதின கையால் தீரவில்லை என்று எப்படி எழுதுவது என்றானாம். அந்தப் பேச்சு அவர்கள் வீட்டில் அதோடு நின்றது.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் தங்கராசு வண்டியைச் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். முப்பதாயிரம் போனது போனதுதான். அந்த வண்டி இப்போது செராமிக் பேட்டைக்குத்தான் வருகிறது, வாரம் இரண்டு தடவை மண் மூட்டையோடு. ராஜாங்கம் கம்பெனிக்கும் வரும். மூட்டை இறக்குகிற ஆட்களில் மாயவனும் ஒருத்தன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி வைத்து, ஒவ்வொரு மூட்டையாக இறக்குகிறான். வேறு கம்பெனிக்குப் போகலாம்தான், இந்த முட்டியோடு யார் எடுப்பார்கள்?

புது சீசன் தொடங்கிவிட்டது. இந்த வருஷ ஜெர்சியும் என் கடையில்தான் அடித்தது, ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. மாயவனின் நாலாம் நம்பரைப் புது ஸ்டாப்பர் கேட்டான். ஜெர்சியைப் பலகையில் விரித்து, சுருக்கம் எடுத்து, முதுகில் அந்த நாலை நான்தான் வைத்து அழுத்தினேன்.